வெறுங்காலால் வென்ற கேடயம்!

1911-ல் ஆங்கிலேயப் பட்டாளத்தைத் தோற்கடித்த 11 பேர்

புதுச்சேரியில் இருந்து கடலூருக்குப் போகும் சாலையில் இருக்கிறது, தவளக்குப்பம்.

இங்கே ஒரு பையன் வெறுங்காலோடு பந்தை உதைத்தால், யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். பையன் என்றால் பந்து உதைக்கத்தான் செய்வான். காலில் ஒன்றும் இல்லாமல்தான் உதைப்பான். இதில் என்ன அதிசயம்?

ஆனால், இதே வெறுங்கால் ஒரு நாள் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது!

அந்த நாள், 1911-ம் ஆண்டு ஜூலை மாதம் 29-ந்தேதி. சனிக்கிழமை. இடம், கல்கத்தா.

மைதானத்தின் ஒரு பக்கம், ஆங்கிலேயப் பட்டாளத்துச் சிப்பாய்கள். காலில் கனத்த பூட்ஸ்.

மறு பக்கம், 11 இந்தியர்கள். அவர்களில் பூட்ஸ் போட்டவர் ஒரே ஒருவர். மற்ற 10 பேருக்கும் வெறுங்கால்!

ஆட்டம் முடிந்தபோது கேடயம் யார் கையில் இருந்தது? வெறுங்கால்காரர்கள் கையில்!

இது எப்படி நடந்தது?

புகலிடம் தந்த புதுச்சேரி

அந்த ஆண்டில் தவளக்குப்பம் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. தெற்கே உள்ள கடலூரோ ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஒரே சாலை, இரண்டு ஆட்சி.

ஆங்கிலேய அரசாங்கம் தேடிய தேசபக்தர்களுக்குப் புதுச்சேரிதான் புகலிடம். மகாகவி பாரதியார் 1908-ல் அங்கே வந்து சேர்ந்தார். வ.வே.சு. அய்யர் 1910-ல் வந்தார். வங்காளத்தில் இருந்து அரவிந்தரும் வந்தார். அவர் புதுச்சேரியில் கரை இறங்கிய நாள், 1910-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந்தேதி.

இவர்களை ஆங்கிலேயரின் ஒற்றர்கள் நிழல்போலத் தொடர்ந்தார்கள்.

1911-ம் ஆண்டு ஜூன் 17-ந்தேதி, மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன், தன்னையும் சுட்டுக்கொண்டு உயிரை விட்டார். தமிழ்நாடே திடுக்கிட்டது. புதுச்சேரியில் ஒற்றர்களின் நடமாட்டம் இன்னும் கூடியது.

தெற்கே நிலைமை இப்படி என்றால், அரவிந்தர் விட்டுவிட்டு வந்த வங்காளத்தில் எப்படி?

அங்கேயும் நெருப்புதான்!

இரண்டாக வெட்டினார்கள்

1905-ம் ஆண்டு அக்டோபர் 16-ந்தேதி, வைசிராய் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். ஒரே மொழி பேசிய மக்கள் இரண்டு மாகாணமாக ஆனார்கள்.

மக்கள் கொதித்தார்கள். அந்நியத் துணியைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். சுதேசி இயக்கம் நாடு முழுவதும் பரவியது. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் கப்பல் விட்டதும் அந்தச் சூட்டில்தான்.

அடியைவிட அவமானம் அதிகமாக வலிக்கும் அல்லவா? வங்காளிகளுக்கு அப்படி ஓர் அவமானமும் இருந்தது.

"வங்காளி படிப்பான், பேனா பிடிப்பான். ஆனால் உடம்பில் வலு கிடையாது. வீரம் கிடையாது" என்பது ஆங்கிலேய அதிகாரிகளின் நினைப்பு. வங்காளிகளைப் பட்டாளத்தில் சேர்க்கவும் அவர்கள் தயங்கினார்கள்.

இந்த நினைப்பைப் பொய்யாக்க வேண்டும். எப்படி?

அதற்கு ஒரு வழி, கால்பந்தில் கிடைத்தது!

தோற்றால் வெளியே!

கால்பந்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள்தான். பட்டாளத்துச் சிப்பாய்களும், வியாபாரக் கம்பெனிக்காரர்களும் கல்கத்தா மைதானத்தில் ஆடினார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்த இந்தியப் பையன்கள், விரைவிலேயே தாங்களும் ஆட ஆரம்பித்தார்கள்.

1893-ம் ஆண்டு, இந்தியக் கால்பந்துச் சங்கம் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே ஒரு பெரிய போட்டியும் ஆரம்பமாயிற்று. அதன் பெயர், ஐ.எப்.ஏ. ஷீல்டு. வென்றவர்களுக்கு ஒரு கேடயம் பரிசு.

இந்தப் போட்டியின் விதி கடுமையானது. ஒரு முறை தோற்றால் போதும். மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்! வென்ற அணி மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசியில் இரண்டே அணிகள் மிஞ்சும். இதை "நாக்-அவுட்" போட்டி என்பார்கள்.

ஆட்டம் சமமாக முடிந்தால்? இன்னொரு நாள் மறுபடியும் ஆட வேண்டும்.

1893 முதல் 1910 வரை கேடயம் ஒவ்வோர் ஆண்டும் வெள்ளையர் அணிகளுக்கே போயிற்று. ஓர் இந்திய அணிகூட அதைத் தொட்டதில்லை.

மோகன் பகான்

வடக்குக் கல்கத்தாவில், 1889-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி ஒரு சங்கம் பிறந்தது. அதன் பெயர் மோகன் பகான். "பகான்" என்றால் வங்காள மொழியில் தோட்டம் என்று பொருள்.

ஆகஸ்டு 15! பின்னால் நாடு விடுதலை அடைந்த அதே தேதி! இது தற்செயல்தான். ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் இதைப் பெருமையோடு சொல்வார்கள்.

சங்கத்தின் முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ். 1914-ல் சென்னையில் காங்கிரஸ் மகாநாடு நடந்தபோது, தலைமை வகித்தவரும் இவர்தான்.

சங்கத்தின் செயலாளர் சைலேன் பாசு, பட்டாளத்தில் பணி செய்தவர். ஆட்டக்காரர்களை நன்றாக வேலை வாங்கினார். ஓட வைத்தார். தேகப்பயிற்சி செய்ய வைத்தார். "ஆட்டத் திறமை மட்டும் போதாது, கடைசி நிமிஷம் வரை மூச்சு நிற்க வேண்டும்" என்பதே அவருடைய பாடம்.

பலன் கிடைத்தது. 1906, 1907, 1908 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து "டிரேட்ஸ் கோப்பை"யை மோகன் பகான் வென்றது.

அடுத்த குறி, ஷீல்டு! 1909-ல் அதில் இறங்கினார்கள். கார்டன் ஹைலாண்டர்ஸ் என்ற பட்டாளத்து அணியிடம் தோற்றார்கள். ஆனால் மனம் தளரவில்லை.

அந்த 11 பேர்

1911-ல் களம் இறங்கியவர்கள் யார், யார்?

கோல்கீப்பர்: ஹீராலால் முகர்ஜி.

பின் வரிசை: பூதி சுகுல், சுதீர் சட்டர்ஜி.

நடு வரிசை: மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா.

முன் வரிசை: கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், பிஜய்தாஸ் பாதுரி, சிப்தாஸ் பாதுரி.

பிஜய்தாசும் சிப்தாசும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. சிப்தாஸ்தான் கேப்டன்.

இவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து ஆடியவர்கள் அல்ல. படிக்கிற மாணவர்கள் இருந்தார்கள். உத்தியோகம் பார்க்கிறவர்கள் இருந்தார்கள். பூட்ஸ் போட்டு ஆடியவர் சுதீர் சட்டர்ஜி மட்டுமே. அவர் கிறிஸ்தவர், ஆசிரியர்.

மற்றவர்கள் ஏன் பூட்ஸ் போடவில்லை?

பூட்ஸ் அந்தக் காலத்தில் விலை கூடிய பொருள். அதோடு, சிறு வயதில் இருந்து வெறுங்காலில் ஆடிப் பழகியவர்களுக்கு பூட்ஸ் பாரமாக இருந்தது. வெறுங்காலில் ஓடினால் வேகம் அதிகம். பந்தைக் கையால் பிடிப்பதுபோல் காலால் பிடித்து வளைக்கலாம்.

ஆனால் ஆபத்தும் உண்டு. இரும்பாக இறுகிய பூட்ஸ் கால், வெறுங்காலை மிதித்தால் என்ன ஆகும்? விரல் நசுங்கும். நகம் பெயரும். ஜூலை மாதமோ கல்கத்தாவுக்கு மழைக்காலம். சேற்றில் பூட்ஸ் கவ்விப் பிடிக்கும், வெறுங்கால் வழுக்கும்.

எல்லாம் தெரிந்துதான் இறங்கினார்கள்!

ஒவ்வொரு படியாக...

ஜூலை 10-ந்தேதி முதல் ஆட்டம். எதிர் அணி, செயின்ட் சேவியர்ஸ். 3-0 என்ற கணக்கில் மோகன் பகான் வென்றது. ஊர் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஜூலை 14-ந்தேதி, ரேஞ்சர்ஸ் அணி. 2-1. மறுபடியும் வெற்றி! சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஜூலை 19-ந்தேதி, ரைபிள் பிரிகேட். இது பட்டாளத்து அணி. "இத்தோடு சரி" என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிஜய்தாஸ் ஒரு கோல் போட்டார். அந்த ஒரு கோலே போதுமாக இருந்தது. 1-0!

இப்போது கல்கத்தா விழித்துக்கொண்டது. டிராமில் அதே பேச்சு. ஆபீசில் அதே பேச்சு. சமையல்கட்டிலும் அதே பேச்சு!

ஜூலை 24-ந்தேதி, அரை இறுதி ஆட்டம். எதிரே, மிடில்செக்ஸ் பட்டாளம். ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்தது. விதிப்படி மறுபடியும் ஆட வேண்டும்.

இரண்டே நாள் இடைவெளி. ஜூலை 26-ந்தேதி மீண்டும் மோதினார்கள். இந்த முறை பட்டாளம் தாக்குப் பிடிக்கவில்லை. 3-0! மோகன் பகான் இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது.

மிச்சம் ஒரே ஓர் அணி. அது, கிழக்கு யார்க்ஷயர் பட்டாளம்!

2 ரூபாய் சீட்டு 15 ரூபாய்!

29-ந்தேதி காலையில் இருந்தே கல்கத்தாவுக்கு மக்கள் வெள்ளம்போல் வந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்காக ரயில்வே கம்பெனி தனி ரயில் விட்டது. கங்கை ஆற்றில் படகுகளும் நீராவிக் கப்பல்களும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தன.

2 ரூபாய் நுழைவுச் சீட்டு, வெளியே 15 ரூபாய்க்கு விலை போயிற்று! அன்றைய 15 ரூபாய், ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய தொகை.

அன்று அங்கே கூடியவர்கள் 80 ஆயிரம் பேர் என்று ராய்ட்டர் நிறுவனம் செய்தி அனுப்பியது.

இத்தனை பேருக்கு மைதானத்தில் ஏது இடம்? மரத்தில் ஏறினார்கள். மரப்பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் நின்றார்கள். பெட்டி மேல் நிற்பதற்கும் வாடகை!

தூரத்தில் நின்றவர்களுக்கு ஆட்டம் தெரியவில்லை. அவர்களுக்கு ஆட்டத்தின் போக்கை எப்படிச் சொல்வது? ஒலிபெருக்கி இல்லாத காலம். வானொலி இல்லாத காலம்.

பட்டம் விட்டார்கள்! கோல் கணக்கை எழுதிய பட்டம் வானத்தில் ஏறியது. எங்கே நின்றாலும் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நெஞ்சைப் பிளந்த நிமிஷங்கள்

மாலையில் ஆட்டம் தொடங்கியது.

முதல் பாதியில் யாரும் கோல் போடவில்லை. பட்டாளத்துக்காரர்கள் உயரமும் பருமனுமாக வந்து மோதினார்கள். வெறுங்கால்காரர்கள் வளைந்து நெளிந்து ஓடினார்கள்.

பாதுரி அண்ணன் தம்பிகளைப்பற்றி ஒரு கதை உண்டு. இருவருக்கும் ஒரே முகஜாடை. ஆட்டத்தின் நடுவே இருவரும் இடம் மாறிக்கொள்வார்களாம். "சிப்தாசைப் பிடி!" என்று காவலுக்கு நின்ற எதிரி, பிஜய்தாசைப் பிடித்துக்கொண்டு நிற்பானாம்!

இரண்டாம் பாதியில் இடி விழுந்தது. பட்டாளத்துக்கு ஒரு "பிரீ கிக்" கிடைத்தது. ஜாக்சன் ஓங்கி உதைத்தார். பந்து வலைக்குள் போய்விட்டது! கிழக்கு யார்க்ஷயர் 1. மோகன் பகான் 0.

வானத்தில் பட்டம் ஏறியது. 80 ஆயிரம் பேரும் வாயடைத்து நின்றார்கள்.

நாக்-அவுட் போட்டி ஆயிற்றே! இப்படியே முடிந்தால் எல்லாம் போயிற்று. 19 நாள் பட்ட பாடு, தண்ணீரில் கரைந்த உப்பு!

சில நிமிஷங்கள்தான் ஓடின. கேப்டன் சிப்தாசிடம் பந்து வந்தது. தடுத்தவர்களை ஏமாற்றிவிட்டு முன்னேறினார். உதைத்தார். கோல்! 1-1.

ஆட்டம் முடியப் போகிற நேரம். மறுபடியும் சிப்தாஸ் பந்தோடு ஓடினார். எதிரிகள் அவரை மொய்த்தார்கள். தானே கோல் போட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பக்கத்தில் வந்த அபிலாஷ் கோஷிடம் பந்தைத் தள்ளினார்.

அபிலாஷ் விட்டார் ஓர் உதை. கோல்! 2-1!

சற்று நேரத்தில் ரெபரியின் விசில் ஊதியது. கேடயம் இந்தியர்களுக்கு!

சங்கு முழங்கியது

சட்டைகள் காற்றில் பறந்தன. குடைகள் பறந்தன. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

இந்து என்றும், முஸ்லிம் என்றும், கிறிஸ்தவர் என்றும் யாரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அது தங்கள் வெற்றி. பூட்ஸ் போட்ட சுதீர் கிறிஸ்தவர். வெறுங்கால் சிப்தாஸ் இந்து. மைதானத்துக்கு வெளியே ஆடிப் பாடியவர்களில் முஸ்லிம்கள் ஏராளம்.

இவ்வளவு பெரிய கூட்டம் திரண்டும், சண்டை சச்சரவு நடக்கவில்லை. தோற்றவர்கள் மீது ஒரு கல்கூட விழவில்லை.

மேளதாளத்தோடு ஊர்வலம் புறப்பட்டது. வங்காளத்தில் மங்கல காரியம் என்றால் பெண்கள் சங்கு ஊதுவார்கள். அன்று வீட்டுக்கு வீடு சங்கு முழங்கியது.

கொடி எப்போது இறங்கும்?

அன்றைய மாலைபற்றி வங்காளத்தில் ஒரு கதை சொல்வார்கள்.

மைதானத்தின் அருகேதான் ஆங்கிலேயரின் வில்லியம் கோட்டை. அதன் உச்சியில் ஆங்கிலேயர் கொடி பறந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் அதைக் காட்டி, "கேடயத்தை வாங்கிவிட்டீர்கள். அந்தக் கொடியை எப்போது இறக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாராம்.

"அடுத்த முறை மோகன் பகான் கேடயம் வாங்கும்போது!" என்று பதில் வந்ததாம்.

கதை நடந்ததோ, பின்னால் கட்டியதோ! ஆனால் இது மட்டும் உண்மை: மோகன் பகான் மறுபடி இந்தக் கேடயத்தை வென்றது, 36 ஆண்டுகள் கழித்து. அந்த ஆண்டு, 1947!

1911-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி, டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இரண்டு அறிவிப்புகளைச் செய்தார். ஒன்று, வங்காளப் பிரிவினை ரத்து. மற்றொன்று, தலைநகரம் கல்கத்தாவில் இருந்து டெல்லிக்கு மாற்றம்.

இது பந்தாட்டத்தால் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆறு ஆண்டுகள் மக்கள் நடத்திய போராட்டத்தின் பலன் அது. பந்து வேறொரு வேலையைச் செய்தது. "இவர்களை நம்மால் ஜெயிக்க முடியுமா?" என்ற பயம் மக்கள் மனதில் இருந்தது. ஒரே மாலையில் அந்தப் பயம் போயிற்று. துப்பாக்கி இல்லாமல், அவர்களுடைய ஆட்டத்தில், அவர்களுடைய விதிப்படியே அவர்களை வெல்ல முடியும் என்று தெரிந்துவிட்டது.

வெறுங்காலுக்கு விடை

வெறுங்கால் ஆட்டம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது.

விடுதலை அடைந்த மறு ஆண்டு, 1948-ல் லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. ஜூலை 31-ந்தேதி இந்தியாவும் பிரான்சும் கால்பந்தில் மோதின. இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில்தான் ஆடினார்கள். இரண்டு பெனால்டி வாய்ப்புகள் கிடைத்தும், வீணாயின. 2-1 என்று பிரான்ஸ் வென்றது. இந்தியாவின் அந்த ஒரு கோலைப் போட்டவர், சாரங்கபாணி ராமன்.

அன்று புதுச்சேரியும் தவளக்குப்பமும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தன! புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி.

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. அதற்குப் பிறகு பூட்ஸ் கட்டாயம் ஆயிற்று. அது சரியான முடிவுதான். வெறுங்காலில் மந்திரம் எதுவும் இல்லை. 1911-ல் வென்றது காலில் இருந்த வெறுமை அல்ல. சைலேன் பாசு கொடுத்த பயிற்சி. 11 பேரின் ஒற்றுமை. கடைசி நிமிஷத்திலும் பந்தைத் தோழனுக்குத் தள்ளிவிட்ட சிப்தாசின் மனம்.

மோகன் பகான் சங்கம் இன்றும் இருக்கிறது. ஜூலை 29-ந்தேதி வந்தால், "மோகன் பகான் தினம்" கொண்டாடுகிறார்கள்.

தவளக்குப்பத்துப் பையனுக்கும் இந்தக் கதையைச் சொல்லலாம். "எனக்கு பூட்ஸ் இல்லையே" என்று அவன் மூலையில் உட்கார்ந்தால், அவசியம் சொல்ல வேண்டும். முடிந்தால் ஒரு ஜோடி பூட்சும் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கேடயம் வாங்குவதை அவன் பார்த்துக்கொள்வான்!